புகைக்கரி சொன்ன உண்மை

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டன், குளிரை வெல்ல நிலக்கரியை நம்பி வாழ்ந்த நகரம். வீடுதோறும் கணப்படுப்பு எரிந்தது. கூரைதோறும் புகைபோக்கி நின்றது. வளைந்தும் குறுகியும் சென்ற அப்புகைபோக்கிகளின் உட்சுவரில் படிந்த கரியைச் சுரண்டி எடுக்க வளர்ந்தவர்களால் இயலாது. ஆகவே, ஏழைச் சிறுவர்கள் அவற்றுள் ஏற்றப்பட்டனர். அச்சிறுவர்களின் உடலில் ஒளிந்திருந்த கொடிய நோயின் காரணத்தை முதன்முதலில் கண்டு உலகுக்கு உணர்த்தியவர் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட்.

இளமையும் பயிற்சியும்

பெர்சிவல் பாட் 1714ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். உறவினர் துணையால் கல்வி பெற்ற அவர், பதினாறு வயதளவில் புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் எட்வர்டு நூர்ஸிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியரின் உடற்கூறு வகுப்புகளுக்கு உடல்களை ஆயத்தம் செய்யும் பணி அவருடையது. அப்பணியே அவருக்குக் கூர்ந்து நோக்கும் பழக்கத்தை அளித்தது. 1749இல் அதே மருத்துவமனையில் முழுநிலை அறுவை மருத்துவராக உயர்ந்தார்.

கதவின்மேல் ஒரு பயணம்

1756ஆம் ஆண்டு குதிரையிலிருந்து விழுந்த பாட்டின் கால் எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து வெளிவந்தது. முரட்டுத்தனமாகத் தூக்கினால் காயம் பெருகும் என்பதை அறிந்திருந்த அவர், தம்மை எவரும் அசைக்க இடங்கொடுக்கவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு தரையிலேயே கிடந்தார். ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் கம்புகளை ஆணியால் அறையச் செய்து, அதன்மேல் படுத்தே வீடு சேர்ந்தார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. காலை அகற்றுவதென மருத்துவர்கள் முடிவுசெய்து கருவிகளையும் எடுத்துவிட்டனர். அவ்வேளையில் வந்த நூர்ஸ், காலைக் காக்க முயலலாம் என்றார். கால் பிழைத்தது. படுக்கையில் கழிந்த நாள்களில் பாட் மருத்துவ நூல் எழுதத் தொடங்கினார். முதுகெலும்பைத் தாக்கும் காசநோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

கரி படிந்த வாழ்வு

புகைபோக்கி ஏறும் சிறுவருள் ஐந்து வயதினரும் இருந்தனர். குறுகிய வழியில் நுழைவதற்காகப் பலர் ஆடையின்றி ஏறினர். முழங்கையும் முழங்காலும் உரசிப் புண்ணாயின. இரவில் கரிமூட்டைகளின்மேல் உறங்கினர். குளிப்பது அரிதாகையால், தோலின் மடிப்புகளில் கரி ஆண்டுக்கணக்கில் தங்கியது. பருவ வயதைக் கடந்தபின், அவர்களுள் சிலருக்கு விதைப்பையின் தோலில் ஆறாத புண் தோன்றியது, உள்ளே பரவியது, உயிரையும் பறித்தது.

அப்புண்ணைப் பால்வினை நோய் எனப் பிறர் கருதினர். அதற்குப் பாதரச மருந்து கொடுத்தனர். நோயால் வருந்தியவனே ஒழுக்கக்கேட்டின் பழியையும் சுமந்தான். பாட், நோயாளிகளின் தொழிலை வினவினார். ஒரே தொழிலினருக்கு உடலின் ஒரே இடத்தில் ஒரே புண் வருவதைக் கண்டார். தோல் மடிப்பில் தங்கும் கரியே காரணம் என 1775இல் வெளியிட்ட நூலில் எழுதினார். நோய் பரவுமுன் புண்ணை வெட்டி அகற்றுவதே காக்கும் வழி என்பதையும் வலியுறுத்தினார். சூழலில் உள்ள ஒரு பொருள் புற்றுநோயை உண்டாக்கும் என முதன்முதலில் காட்டிய நூல்களுள் அது தலையாயது. பழி சிறுவனிடமிருந்து நீங்கி, அவனைப் புகைபோக்கியில் ஏற்றியவர்களைச் சென்றடைந்தது.

நீரும் சட்டமும்

காரணம் தெரிந்தபின் தடுக்கும் வழியும் தெரிந்தது. 1778இல் டென்மார்க்கின் புகைபோக்கித் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினரை நாள்தோறும் குளிக்குமாறு அறிவுறுத்தியது. இங்கிலாந்தில் ஜோனாஸ் ஹான்வே என்னும் வணிகர் இச்சிறுவர்களுக்காகப் பல்லாண்டு போராடினார். அதன் பயனாக 1788இல் எட்டு வயதுக்குட்பட்டோரை இத்தொழிலில் சேர்க்கக்கூடாது எனச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில், குளிரில் நெடுந்தொலைவு சென்று நோயாளி ஒருவரைப் பார்த்துத் திரும்பிய பாட், காய்ச்சலுற்று மறைந்தார்.

சட்டம் ஏட்டில் இருந்தது, கண்காணிப்பார் இல்லை. 1840இல் 21 வயது நிரம்பாதோர் புகைபோக்கியில் ஏறுவது தடைசெய்யப்பட்டது, அதுவும் மீறப்பட்டது. 1875இல், காவல்துறையின் உரிமம் இன்றி எவரும் இத்தொழிலைச் செய்யலாகாது என்னும் சட்டம் வந்த பிறகே சிறுவர்கள் விடுபட்டனர். பாட் எழுதியதற்கும் இதற்கும் இடையே நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1892இல் ஹென்றி பட்லின் என்னும் மருத்துவர் ஆராய்ந்தபோது, உடலை மூடும் காப்புடை அணிந்து தவறாமல் குளித்த ஐரோப்பிய நாட்டுத் தொழிலாளரிடம் இந்நோய் அரிதாக இருப்பதைக் கண்டார். எளிய பழக்கம் உயிர்காத்ததற்கு அது சான்றாயிற்று.

தொடரும் பாடம்

பாட் கண்டதை ஆய்வுக்கூடமும் பின்னாளில் உறுதிசெய்தது. 1915இல் ஜப்பானிய அறிஞர் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் தொடர்ந்து தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். 1933இல் இலண்டன் அறிஞர்கள் அத்தாரிலிருந்து பென்சோபைரீன் என்னும் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். புகையிலைப் புகையிலும் இருப்பது அதே பொருள்தான். புகைபோக்கியில் ஏற்றப்பட்ட சிறுவனுக்குத் தேர்வு செய்யும் உரிமை இல்லை. இன்று புகையைக் கையில் எடுப்பவருக்கு அவ்வுரிமை உண்டு.

புற்றுநோய்களில் 30 முதல் 50 விழுக்காடு வரை தடுக்கக்கூடியவை என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. புகையிலையை விலக்குதல், நல்லுணவு, உடற்பயிற்சி, தடுப்பூசி ஆகியவை தனிமனிதர் கடைப்பிடிக்கத்தக்கவை. தூய காற்றும் பாதுகாப்பான பணியிடமும் சட்டத்தால் மட்டுமே கிடைக்கும். நோயாளியைப் பழிக்காமல் நோயின் காரணத்தைத் தேடிய பெர்சிவல் பாட், இவ்விரு வழிகளுக்கும் வாயில் திறந்துவைத்தார்.