சட்டமன்றம் சென்ற மருத்துவர்



அரசியல் என்றாலே அது நமக்கு ஆகாத இடம் என்று ஒதுங்கிப்போகும் வழக்கம் நம்மிடையே உண்டு. மருத்துவத் தொழிலை விட்டு அந்த இடத்திற்கே சென்று, ஏழைகளின் கண்ணீரைத் துடைத்த ஓர் அம்மையாரின் வாழ்வை இந்த யூபிலி மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் நல்ல சமாரியர் உவமையைக் கேட்டு வளர்ந்த நாம் அறிந்திருக்க வேண்டியவர்.

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டைக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னரே அனுமதி வழங்கினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1912இல் சிறப்புடன் தேறினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சென்னை மாகாணத்தில் பெண்கள் 1921இல் வாக்குரிமை பெற்றனர். 1926இல் சட்டமன்றத்தில் அமரும் உரிமையும் கிடைத்தது. இந்திய மாதர் சங்கத்தார் அம்மையாரின் பெயரை முன்மொழிந்தனர். நோயாளிகளை விட்டுச் செல்ல அவர் முதலில் தயங்கினார். ஆயினும் இளந்தாய்மாரின் சாவும் சிறுமியரின் நோயும் மருந்தால் மட்டும் தீரக்கூடியவை அல்ல என்பதை மருத்துவராகிய அவர் கண்டிருந்தார். நோய்க்கு வேர் சமூக வழக்கத்தில் இருக்குமானால், அந்த வேரைக் களையச் சட்டம் வேண்டுமல்லவா? நியமன உறுப்பினராகச் சட்டமன்றம் சென்ற அவரை, 1927இல் உறுப்பினர்கள் ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல் ஆகியவற்றுக்காக அவர் மன்றத்தில் வாதாடினார். ஆனால் அவருடைய பெரும் போராட்டம், சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையை எதிர்த்தே நடைபெற்றது. சமயத்தில் அரசு தலையிடலாகாது என்றனர் சிலர். கலை அழிந்துவிடும் என்றனர் வேறு சிலர். தேவதாசியரிலேயே ஒரு சாரார் எதிர்ப்பு மனு அளித்தனர். அவர்களது பிழைப்புக்கும் அம்மையார் வழி தேடினார். கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்றிருந்த கட்டினை 1929ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவிழ்த்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் அவர்களிடமே நின்றது. பொட்டுக்கட்டுதலையே தடைசெய்யும் சட்டமோ 1947இல்தான் நிறைவேறியது.

அதுவரை அவர் பதவியில் அமர்ந்திருக்கவில்லை. 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது, அதனைக் கண்டித்து உறுப்பினர் பதவியைத் துறந்தார். பதவி போயிற்று, பணி நிற்கவில்லை. தேவதாசி வாழ்விலிருந்து தப்பி வந்த பெண்களுக்கு விடுதிகள் இடம் மறுத்த நாளில், தம் இல்லத்திலேயே அடைக்கலம் தந்தார். அதிலிருந்து அவ்வை இல்லம் தோன்றியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தையும் அவர் மறக்கவில்லை. அடையாற்றில் 1954இல் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1968இல் அவர் மறைந்தார்.

அடிபட்டவனின் காயத்தைக் கட்டுவது புண்ணியமே. அதே பாதையில் நாள்தோறும் மக்கள் அடிபடுவார்களானால், பாதையைச் சீர்செய்ய ஒருவர் முன்வர வேண்டும். உலக அலுவல்களைப் புனிதப்படுத்துவது பொதுநிலையினரின் அழைத்தல் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்துள்ளது. பஞ்சாயத்துத் தேர்தலிலோ, பள்ளிக் குழுவிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ நிற்க நம் இளைஞரும் பெண்களும் முன்வந்தால், அவர்களைக் கேலி பேசாது துணைநிற்போம். பதவிக்கு வந்தோர் இந்த அம்மையாரைப்போல் பதவியைக் கருவியாகக் கொள்ளவும், வேண்டிய வேளையில் அதனைத் துறக்கவும், மருத்துவரான புனித லூக்காவின் மன்றாட்டால் இறைவன் அருள்வாராக!