பால்வீதியைப் படம் பிடித்த பார்னார்ட்

நிலவில்லாத இரவில் வானத்தை அண்ணாந்து பார்த்தால், வெண்புகை போன்ற மங்கலான பட்டை ஒன்று குறுக்கே ஓடுவதைக் காண்கிறோம். அதுவே பால்வீதி. அதன் அழகை நிழற்படங்களில் பதித்து உலகுக்குக் காட்டியவர் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட் என்னும் அமெரிக்க வானியல் அறிஞர். மாபெரும் தொலைநோக்கி அருகிலிருந்தும், இப்பணிக்கு அவர் பழைய காமிரா லென்ஸ் ஒன்றையே தேர்ந்துகொண்டார். அதன் காரணத்தை அவருடைய வாழ்க்கையிலிருந்து அறிவோம்.

பார்னார்ட் 1857ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் நாஷ்வில் நகரில் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தையை இழந்த அவரை, தாயார் வறுமையில் வளர்த்தார். பள்ளிக்குச் சென்றது ஓரிரு மாதங்களே. ஒன்பதாவது வயதிலேயே ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே படங்களைப் பெரிதாக்கும் கருவி ஒன்று சூரிய ஒளியால் இயங்கியது. சூரியன் நகர நகர, அதை இமைப்பொழுதும் தவறவிடாமல் கருவியைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் சிறுவனின் வேலை. சலிப்பூட்டும் அவ்வேலையே பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

இளைஞரானதும் வருமானத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு 5 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். அதைக்கொண்டு வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த 200 டாலர் பரிசு, அவர் வீடு கட்டிக்கொள்ள உதவியது. 1888இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் பணியில் அமர்ந்தார்.

அங்கே 36 அங்குலத் தொலைநோக்கி இருந்தது. அதனருகில், முன்பு மனிதர்களின் உருவப்படம் எடுக்கப் பயன்பட்ட 6 அங்குல லென்ஸ் ஒன்றும் இருந்தது. பால்வீதியைப் படமெடுக்க எது ஏற்றது? பெரியதே சிறந்தது என்றுதான் நாம் சொல்லியிருப்போம். ஆனால் பார்னார்ட் லென்ஸைத் தேர்ந்தார்.

ஒரு கரண்டி மாவைச் சிறு தோசையாக வார்த்தால் கனமாக இருக்கும். அதையே அகல இழுத்தால் மெலிந்துவிடும். பரந்து கிடக்கும் மங்கலான ஒளியும் இப்படித்தான். பெரிய தொலைநோக்கியின் குவியத் தூரம் அதன் அகலத்தைப்போல் 19 மடங்கு. லென்ஸுக்கோ சுமார் 5 மடங்கே. ஆகவே பெரிய கருவி வானின் சிறு துண்டைப் பெரிதாக்கி, அதன் ஒளியையும் மெலியச் செய்யும். லென்ஸோ பரந்த வானத்தை ஒரே கண்ணாடித் தகட்டில் செறிவாகப் பதிக்கும்.

எனினும் லென்ஸ் மட்டும் போதவில்லை. பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்கின்றன. எனவே லென்ஸுடன் சிறு தொலைநோக்கி ஒன்றையும் பொருத்தி, ஒரு விண்மீனை அதன் குறுக்கிழையிலிருந்து விலகாதபடி மணிக்கணக்கில் காத்தார். புகைப்பட நிலையத்துச் சிறுவன் சூரியனைத் தொடர்ந்தது போலவே இது! 1889ஆம் ஆண்டுக் கோடையில் பால்வீதியின் விண்மீன் திரள்கள் தகட்டில் மலர்ந்தன.

பெரிய தொலைநோக்கியை அவர் வெறுத்தாரல்லர். 1892 செப்டம்பர் 9ஆம் நாள் அதன் வழியாகவே வியாழனின் ஐந்தாவது துணைக்கோளைக் கண்ணால் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே லென்ஸ் பதித்த படமொன்றில் வால்நட்சத்திரம் ஒன்று அகப்பட்டது. பணிக்கேற்ற கருவி என்பதே அவர் கொள்கை.

1895இல் யெர்க்ஸ் வானாய்வகத்துக்கு மாறினார். கேதரின் உல்ஃப் புரூஸ் என்னும் பெருமாட்டி அளித்த 7,000 டாலர் நன்கொடையால் அவருக்கென ஒரு கருவி அமைந்தது. 10 அங்குல லென்ஸ், அதைவிடச் சிறிய இன்னொரு லென்ஸ், குறிபார்க்க 5 அங்குலத் தொலைநோக்கி ஆகிய மூன்றும் அதில் இணைந்திருந்தன.

படங்களில் கருந்திட்டுகள் பல தெரிந்தன. அவை விண்மீன்களற்ற வெற்றிடங்கள் என்றே அவரும் நெடுங்காலம் எண்ணினார். தம் படங்களையே மீண்டும் மீண்டும் ஆராய்ந்து, அவற்றுள் பல ஒளியை மறைக்கும் பொருள்களே என்ற முடிவுக்கு வந்தார். தம் பழைய கருத்தை மாற்றிக்கொள்ள அவர் நாணவில்லை. 1919இல் 182 கருந்திட்டுகளின் பட்டியலை வெளியிட்டார். அவை தூசு நிறைந்த மேகங்கள் என்பதை இன்று நாம் அறிவோம்.

தம் படத்தொகுப்பு நூலுக்காக, சுமார் 35,000 படப் பிரதிகளையும் தாமே ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தார். நூல் வெளிவருமுன்பே, 1923 பிப்ரவரி 6ஆம் நாள் காலமானார். அவருடைய உதவியாளராகப் பணியாற்றிய மேரி கால்வெர்ட் என்னும் பெண்மணி, ஆய்வக இயக்குநர் ஃபிராஸ்டுடன் சேர்ந்து 1927இல் அதை நிறைவேற்றினார்.

அன்புத் தங்கைகளே, நம்மிடம் பெரிய கருவி இல்லையே என்று ஏங்குகிறோம். செய்யவேண்டிய பணி எதுவென்று தெளிந்து, அதற்கு ஏற்றதைத் தேர்ந்து, பொறுமையோடு காத்திருந்தவர் பார்னார்ட். சிறு வயதில் நமக்கு வாய்க்கும் எளிய வேலையையும் கருத்தோடு செய்வோம். அதன் பயன் எந்த வானில் தெரியும் என்பதை யாரறிவார்?