உழைத்துக் கற்ற பேராசான்
விபுலாநந்த அடிகளார் வாழ்வும் விஞ்ஞானமும்

பெரியோர் வரலாற்றை விழா மலர்களில் எழுதுவது நம்மிடையே நிலவும் நல்வழக்கு. அவர்கள் பெற்ற பட்டங்களையும் வகித்த பதவிகளையும் அடுக்கிச் சொல்வதுடன் அமைந்துவிடின், கற்போருக்கு வியப்பு உண்டாகுமேயன்றிப் பயன் உண்டாகாது. அவற்றை அவர்கள் எந்நிலையிலிருந்து, எவ்வாறு பெற்றனர் என்பதே இளைஞர் அறிய வேண்டுவது.

கொலன்னாவையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் இளைஞருட் பலர் பகலில் ஆய்வுகூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணியாற்றி, வார இறுதியில் முதுவிஞ்ஞானமாணி வகுப்புக்குச் செல்கின்றனர். பகுதிநேரக் கல்வி முழுநேரக் கல்விக்கு ஒரு படி தாழ்ந்ததென்னும் எண்ணம் அவருட் சிலரை வாட்டுகின்றது. அன்னோருக்கு விபுலாநந்த அடிகளாரின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த மறுமொழி இல்லை என்று நாம் கருதுகின்றோம்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் காரைதீவில் பிறந்தார். அவ்வூர் இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கும். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பிள்ளைக்கு வழங்கிய பெயர் மயில்வாகனன். கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, 1908ஆம் ஆண்டு, பதினாறாம் வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். தேறியவர் உடனே மேற்படிப்புக்குச் செல்லவில்லை. ஆசிரியத் தொழிலில் அமர்ந்தார். அக்காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகமும் இல்லை, பல்கலைக்கழகக் கல்லூரியும் இல்லை. கடல்கடந்து செல்லப் பொருள் வேண்டும். செல்லாதவர் தாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

1911ஆம் ஆண்டு ஆசிரியப் பயிற்சி பெறும் பொருட்டுக் கொழும்புக்கு வந்தார். பயிற்சிக் கல்லூரிப் பாடங்கள் ஒருபுறமிருக்க, கிடைத்த ஓய்வில் தென்கோவை கந்தையாபிள்ளையவர்களைச் சார்ந்து தமிழிலக்கியம் பயின்றார். பயிற்சி முடிந்தபின் மீண்டும் கிழக்கிலங்கையில் ஆசிரியப் பணி. பின்னர் 1915ஆம் ஆண்டு மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து விஞ்ஞானம் கற்றார். 1893ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கல்லூரியே, முறையான ஆய்வுகூடப் பயிற்சியை நாடிய நம் நாட்டு இளைஞருக்கு அந்நாளிற் கிடைத்த அரிய வாயில்களுள் ஒன்று.

1916ஆம் ஆண்டு அவர் வாழ்வில் நினைத்தற்குரியது. அவ்வொரே ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாவையும் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதல் தேறியவர் அவரே. இரசாயனத் தராசும் தொல்காப்பியமும் ஒருவர் மேசைமீது ஒருங்கே இருத்தல் கூடுமென்பதை அவ்வாண்டு நாட்டிற்குக் காட்டியது.

1917ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமாணிப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்தார். வெளிவாரி மாணவர் நிலை எத்தகையது என்பதை அதனைக் கடந்தவரே அறிவர். விரிவுரை கேட்க வழியில்லை. ஐயம் தீர்க்கும் ஆசிரியர் அருகில் இல்லை. பாடத்திட்டம் கடல் தாண்டி வரும். விடைத்தாள் கடல் தாண்டிச் செல்லும். இடையிலுள்ள அனைத்தும் மாணவன் தன் முயற்சியே. அவ்வழியே 1920ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தலைமையாசிரியராக ஏற்றது.

பட்டமும் பதவியும் எய்திய நிலையில், 1922ஆம் ஆண்டு அவற்றைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924ஆம் ஆண்டு துறவு பெற்று விபுலாநந்தர் எனும் திருநாமம் பூண்டார். மறு ஆண்டு இலங்கை மீண்டு கல்விப் பணியில் ஈடுபட்டார். 1929ஆம் ஆண்டு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

துறவு பூண்டவர் விஞ்ஞானத்தையும் துறந்தார் என்று எண்ணுதல் தவறு. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கக் கலைச்சொற்கள் வேண்டுமென்று சென்னையில் அறிஞர் கூடி முயன்றபோது, அவர் அம்முயற்சியின் முன்னணியில் நின்றார். அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொல் தொகுதி 1938ஆம் ஆண்டு வெளிவந்தது.

எனினும் அவருடைய விஞ்ஞானக் கல்வி முழுப்பயன் தந்தது யாழாராய்ச்சியிலேயே. பழந்தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று குறிப்புத் தந்தன. கருவியோ கண்முன் இல்லை. புலவர் சொற்பொருள் கூறி அமைந்தனர். அடிகளார் அவ்விடத்தில் ஆய்வுகூட மாணவனின் வினாவை எழுப்பினார்: இந்நரம்புகளின் நீளம் யாது? அவை எவ்வோசையை எழுப்பும்?

இதன் அருமையைச் சிறிது விளக்குவோம். வீணையில் ஒரே நரம்பை விரலால் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். வில்யாழில் அவ்வாறன்று, ஒரு நரம்பு ஒரு சுரத்தையே தரும். ஆதலின் ஒவ்வொரு நரம்பின் அளவும் கணக்கிற் பிழையாதிருத்தல் வேண்டும். தடிப்பும் இழுவிசையும் மாறாதிருப்பின், நரம்பைப் பாதியாக்க மேற்குரல் பிறக்கும். மூன்றில் இரு பங்காக்க இளி பிறக்கும். இளியிலிருந்து இளியாகப் பன்னிரு முறை ஏறினால் ஏழு மண்டிலம் மேலே சென்று குரலையே அடைய வேண்டும் என்று தோன்றும். கணக்கிட்டால் 128 மடங்கு வரவேண்டிய இடத்தில் 129.75 மடங்கு வருகின்றது. செவிக்குச் சிறிதாகப் படும் இம்மிகையை எங்கே அடக்குவது என்பது உலகிலுள்ள இசைக்கருவியாளர் அனைவரும் எதிர்ப்பட்ட சிக்கல். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 எனப் பழையோர் வகுத்த 22 அலகுகளை, பௌதிகமும் கணிதமும் கற்ற ஒருவரே இத்தகைய விகிதங்களாக எழுதிச் சோதித்தல் இயலும். அடிகளார் அதனைச் செய்தார்.

இவ்வாராய்ச்சி 14 ஆண்டுகள் நடந்தது. அதற்கென விடுமுறையும் உதவிப்பணமும் பெற்று ஓரிடத்தில் அமர்ந்து அவர் ஆராயவில்லை. பள்ளிகளை மேற்பார்த்தார், 1939ஆம் ஆண்டு முதல் இமயத்து மாயாவதியில் பிரபுத்த பாரத இதழை நடத்தினார், 1943ஆம் ஆண்டு கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இப்பணிகளின் இடையே கிடைத்த பொழுதுகளே யாழ்நூலை ஆக்கின. எப்பட்டத்தையும் நாடி அவர் அதனைச் செய்தாரல்லர். ஆயினும் முதுகலை ஆராய்ச்சி எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்கு அதுவே அளவுகோல்.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. அவர் கணக்கின்படி செய்யப்பெற்ற யாழ்கள் ஊர்வலமாகக் கொண்டுவரப்பெற்று இசைக்கப்பட்டன. ஏறக்குறைய ஆறு கிழமைகளின் பின், ஜூலை 19ஆம் நாள், அடிகளார் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். வயது 55. அவர் திருமேனி சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பெற்றது.

யாழ்நூலின் முடிபுகள் யாவற்றையும் பின்வந்த ஆராய்ச்சியாளர் ஏற்றனரல்லர். இது நூலுக்குக் குறையன்று. அளவையும் கணக்கையும் வெளிப்பட வைத்தமையாலேயே பிறர் அவற்றைச் சோதிக்கவும் மறுக்கவும் முடிந்தது. விஞ்ஞானத்தின் நேர்மை அதுவே.

களைத்த உடலுடன் மாலை வேளையில் நூலைத் திறக்கும் நம் இளைஞருக்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. காலம் துண்டுதுண்டாகக் கிடைப்பதால் கல்வி துண்டாகிவிடாது. வகுப்பிற் கற்ற அளவையைத் தம் தொழிலிலும், தம் மொழியிலும், தம் முன்னோர் விட்டுச்சென்ற பொருளிலும் வைத்துப் பார்ப்பாராயின், அடிகளார் சென்ற வழியில் அவரும் செல்பவராவர்.