பணம் தீர்ந்தபோது வந்த பாரிஸ்டர்

1908-ம் ஆண்டு. கல்கத்தாவில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. அரவிந்தரும், தம்பி பாரீந்திரரும், தோழர்களும் கூண்டில் நின்றார்கள். அரசாங்கம் தன் தரப்பில் வாதாட, சென்னையில் பெயர் பெற்ற பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டனை வரவழைத்தது. வெளி மாகாணத்து பாரிஸ்டரை அமர்த்த அதனிடம் பணம் இருந்தது.

அரவிந்தருக்காகத் தங்கை சரோஜினி பொதுமக்களிடம் நிதி திரட்டினார். அது விரைவில் கரைந்தது. அப்போது வழக்கை ஏற்றுக்கொண்டவர்தான் "தேசபந்து" சித்தரஞ்சன் தாஸ்.

1870-ல் கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். கடன் சுமையால் தந்தையும் அவரும் 1906-ல் திவாலானார்கள். அந்த நிலையிலும் மற்ற வழக்குகளை ஒதுக்கிவிட்டு, மாதக்கணக்கில் இதற்காகவே உழைத்தார். 206 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1909 மே 6-ந் தேதி அரவிந்தர் விடுதலையானார். பாரீந்திரருக்கு விதிக்கப்பட்ட தூக்கு, அப்பீலில் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

தாசின் புகழும் வருமானமும் பெருகின. சட்டப்படி கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லாதபோதும், 1913-ல் பழைய கடன் முழுவதையும் அடைத்தார்.

பின்னர் ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தொழிலையே துறந்தார். வீட்டையும் நாட்டுக்கு அளித்தார். 1925 ஜூன் 16-ந் தேதி டார்ஜிலிங்கில் காலமானார். அந்த வீட்டில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது.