நீக்கப்படாத தீர்ப்பு
கார்ல் வொன் ஒசியெற்ஸ்கி (1889 - 1938)

ஜேர்மனியில் வாழும் நம்மவருட் பலர் ஒசியெற்ஸ்கி என்னும் பெயரை வீதிப் பலகைகளிற் கண்டிருப்பர். ஒல்டன்பேர்க் நகரப் பல்கலைக்கழகமும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. ஹிட்லரின் வதைமுகாமில் உடல் சிதைந்த பத்திரிகையாளர், நோபல் சமாதானப் பரிசு பெற்றவர் என்ற அளவில் அவரை நினைவுகூர்வது வழக்கம். அது உண்மையே. ஆனால் எழுதியதற்காக அவரை முதலிற் சிறைக்கு அனுப்பியவர் ஹிட்லர் அல்லர். தேர்தல்களும் பாராளுமன்றமும் எழுதப்பட்ட அரசியலமைப்பும் கொண்டிருந்த ஒரு குடியரசின் அதியுயர் நீதிமன்றமே அதனைச் செய்தது. அதனாலேயே அவரது வரலாற்றைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

1889 ஒக்ரோபர் 3 ஆம் நாள் ஹம்பேர்க் நகரிற் பிறந்தார். பெயரில் உள்ள 'வொன்' பிரபு குலத்தைக் குறிக்கும் சொல் எனினும், வீட்டில் அதற்கேற்ற செல்வம் இருக்கவில்லை. இரண்டு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பை நிறைவு செய்யவில்லை, பரீட்சையிலும் தேறவில்லை. ஹம்பேர்க் நீதிமன்ற நிர்வாகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். பின்னாளில் நீதிமன்றங்கள் துரத்தப்போகும் மனிதர், இளமையில் அவற்றின் ஏடுகளையே பிரதிசெய்து வயிறு வளர்த்தார். 1913 இல் மோட் என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். 1914 இல் இராணுவ நீதிமுறையைக் கண்டித்து எழுதிய கட்டுரைக்காகத் தண்டம் செலுத்த நேர்ந்தது. 1916 இல் படைக்கு அழைக்கப்பட்டு மேற்குப் போர்முனைக்குச் சென்றார். அங்கிருந்து மீண்டபின், பேர்லினில் ஜேர்மன் சமாதானச் சங்கத்தின் செயலாளரானார். பின்னர் முழுநேரப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தார்.

1927 இல் 'வெல்ற்பூனே' என்னும் வார இதழின் ஆசிரியப் பொறுப்பு அவரிடம் வந்தது. உலக அரங்கு என்பது அப்பெயரின் பொருள். சுமார் 15,000 பிரதிகளே விற்ற சிறிய இதழ் அது. ஆயினும் அமைச்சர்களும் படைத் தளபதிகளும் அதனை அச்சத்துடன் படித்தனர்.

1929 மார்ச் 12 ஆம் நாள் இதழில் ஜேர்மன் விமானத்துறை பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. விமானப் பொறியியலறிஞரான வால்ரர் கிறைசர் அதனைப் புனைபெயரில் எழுதியிருந்தார். முதல் உலகப் போரில் தோற்ற ஜேர்மனி விமானப்படை வைத்திருக்கலாகாது என்பது 1919 ஆம் ஆண்டு வேர்சாய் உடன்படிக்கையின் விதி. அரசோ, பயணிகள் விமானத்துறைக்கென ஒதுக்கிய பொதுப்பணத்தின் போர்வையில் இராணுவ விமானப் பிரிவுகளை இரகசியமாக வளர்த்து வந்தது. கட்டுரை சுட்டியது இதனையே. அதிற் கண்ட விபரங்களுட் சில பாராளுமன்றக் குழுவின் ஏடுகளிலேயே பதிவாகியிருந்தன. சட்டத்தை மீறியது அரசு. குற்றவாளிக் கூண்டில் ஏறியவர்களோ அதனை எழுதியவரும் அச்சிட்டவரும்.

1931 நவம்பரில், லைப்சிக் நகரில் அமைந்த அதியுயர் நீதிமன்றத்தில் வழக்கு மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடைபெற்றது. நவம்பர் 23 ஆம் நாள் இருவருக்கும் 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. இராணுவ இரகசியத்தை வெளியிட்டமை குற்றம். தீர்ப்பின் காரணங்கள் மக்களுக்கு மறைக்கப்பட்டன. உள்ளே நடந்ததைப் பேசச் சட்டத்தரணிகளுக்கும் அனுமதி இல்லை. இன்னதற்காகத் தண்டிக்கப்பட்டேன் என்று எழுதினால் அதுவே மற்றொரு குற்றமாகிவிடும் நிலை. நீதிமன்றத்தையே வாய்ப்பூட்டாக்கும் இம்முறையைப் பிற்காலத்துச் சர்வாதிகாரிகள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

கிறைசர் பிரான்சுக்குச் சென்றுவிட்டார். ஒசியெற்ஸ்கியும் சென்றிருக்கலாம், நண்பர்கள் மன்றாடினர். அவர் மறுத்தார். எல்லையைக் கடந்துவிட்டவன் தன் நாட்டை நோக்கிப் பேசும்போது அக்குரல் உள்ளீடற்றுப் போய்விடும் என்பது அவருடைய கருத்து. எல்லை கடந்து வந்து எழுதிக்கொண்டிருக்கும் நமக்கு இது சுடுகின்ற கருத்து. இதனை முற்றாக ஏற்கவும் நம்மால் இயலவில்லை; காரணம் அவருடைய வரலாற்றின் பிற்பகுதியிலேயே உள்ளது. 1932 மே 10 ஆம் நாள், எழுத்தாளர்களும் நண்பர்களும் வழியனுப்ப, பேர்லின் ரேகல் சிறைச்சாலையின் வாயிலுக்குத் தாமாகவே சென்று உட்புகுந்தார். ஏழு மாதங்களின் பின் நத்தார்ப் பொதுமன்னிப்பில் வெளிவந்தார்.

வெளியிலிருந்த காலம் பத்து வாரங்கள் கூட நீளவில்லை. 1933 ஜனவரி 30 இல் ஹிட்லர் ஆட்சிப்பொறுப்பை ஏற்றார். பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. விடியுமுன் பொலிசார் ஒசியெற்ஸ்கியின் கதவைத் தட்டினர். மறுநாள் பிறந்த அவசரகாலக் கட்டளை, எழுத்துரிமை, கூட்ட உரிமை, தனிமனித சுதந்திரம் அனைத்தையும் மறு அறிவித்தல் வரை இடைநிறுத்தியது. அம்மறு அறிவித்தல் அவ்வாட்சியின் இறுதிவரை வரவேயில்லை. பாதுகாப்புக் காவல் என்பது இப்புதிய சிறைக்கு இட்ட பெயர். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தவணை இல்லை. லைப்சிக்கிலாவது மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு நீதிபதி இருந்தார்.

அதே இரவிற் பிடிபட்டவர்களுள் ஹான்ஸ் லிற்றன் என்னும் இளம் சட்டத்தரணியும் ஒருவர். 1931 மே மாதம், நாஜிக் குண்டர்கள் நடன மண்டபமொன்றைத் தாக்கிய வழக்கில், ஹிட்லரையே சாட்சிக் கூண்டுக்கு அழைத்துக் கேள்விகளாற் திணறடித்தவர் அவர். அந்த அவமானத்தை ஹிட்லர் மறக்கவில்லை. சொன்னன்பேர்க் முகாமில் ஒசியெற்ஸ்கியும் லிற்றனும் ஒருங்கே வதைபட்டனர். ஐந்து ஆண்டுகள் முகாம் முகாமாக இழுபட்ட லிற்றன், 1938 பெப்ரவரியில் டகாவ் முகாமிற் தூக்கில் தொங்கக் காணப்பட்டார். அப்போது அவருக்கு வயது 34.

ஒசியெற்ஸ்கிக்காக வாதாடிய சட்டத்தரணிகளின் கதியும் அறியத்தக்கது. மக்ஸ் அல்ஸ்பேர்க் சுவிற்சர்லாந்துக்குத் தப்பி, 1933 இல் அங்கேயே தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அல்பிரட் அப்பெல் 1941 இல் மார்செய் நகரில் அகதியாக இறந்தார். கூர்ட் றோசன்பெல்ட் அமெரிக்காவில் கண்மூடினார். றூடோல்ப் ஓல்டன் குடியுரிமை பறிக்கப்பட்டு இங்கிலாந்தில் வாழ்ந்தார்; 1940 செப்ரெம்பரில் அவர் சென்ற 'சிற்றி ஒப் பெனாரஸ்' கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கி அத்திலாந்திக்கில் மூழ்கடித்தது. நால்வருள் எவருக்கும் சொந்த மண்ணிற் சாவு வாய்க்கவில்லை.

1934 இல் ஒசியெற்ஸ்கி எம்ஸ்லாந்துச் சதுப்பு நிலத்தில் இருந்த எஸ்ரர்வேகன் முகாமுக்கு மாற்றப்பட்டார். சேற்று நிலத்தை வடிகாலிட்டு வெட்டும் கடூழியம் அங்கே. 1935 இலையுதிர் காலத்திற் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி கார்ல் புர்க்ஹார்ட் அவரைப் பார்க்க அனுமதி பெற்றார். அவர் கண்டது பல் உடைந்து, ஒரு கண் வீங்கி, வெளிறிய முகத்துடன் நடுங்கி நின்ற உருவத்தை.

இங்கேதான் எல்லை கடந்தவர்களின் குரல் வருகிறது. பாரிசிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் சிதறியிருந்த ஜேர்மன் அகதிகள், நோபல் சமாதானப் பரிசை அவருக்குப் பெற்றுக் கொடுக்க ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். பணமோ பலமோ அற்றவர்கள். விசாவுக்கும் வாடகைக்கும் அலைந்தவர்கள். கடிதம் எழுதுவதே அவர்களின் ஆயுதம். ஐன்ஸ்ரைனும் தோமஸ் மானும் ஆதரித்தனர். ஒஸ்லோவில் ஓடியாடி வேலை செய்த இளம் அகதியின் பெயர் வில்லி பிரான்ட். 1969 இல் மேற்கு ஜேர்மனியின் பிரதமரானவர் அவரே. முதலில் இந்த யோசனையை முன்வைத்த பேர்தோல்ட் யாக்கோப் என்னும் பத்திரிகையாளரை, 1935 மார்ச்சில், நாஜி உளவாளிகள் சுவிற்சர்லாந்திலிருந்து கடத்திச் சென்றனர். சுவிஸ் அரசின் கடும் எதிர்ப்பால் அன்று விடுவிக்கப்பட்ட அவரை, 1941 இல் லிஸ்பனில் மீண்டும் கடத்தினர். இரண்டாம் முறை எந்த அரசும் அவரை மீட்கவில்லை. 1944 இற் பேர்லினில் இறந்தார். எல்லை கடந்துவிட்டால் அச்சமில்லை என்பது அன்றும் பொய்யே.

நோபல் இலக்கியப் பரிசு பெற்ற நோர்வே எழுத்தாளர் நூட் ஹம்சுன், கைதியாக இருந்து பதில் சொல்ல இயலாத மனிதரைப் பத்திரிகையிற் தாக்கி எழுதினார். பரிசுக் குழுவில் இருந்த நோர்வே வெளிநாட்டமைச்சர், தம் அரசுக்கு இடர் வராமற் குழுவிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். எனினும் 1936 நவம்பர் 23 ஆம் நாள், 1935 ஆம் ஆண்டுக்குரிய பரிசு ஒசியெற்ஸ்கிக்கே வழங்கப்பட்டது. லைப்சிக் தீர்ப்பு வந்து சரியாக ஐந்து ஆண்டுகள்.

அதற்குள் காசநோய் முற்றி அவர் பேர்லின் மருத்துவமனையிற் கிடந்தார். பரிசை மறுக்கும்படி கோரிங் நேரில் வற்புறுத்தினார். நோயாளி இணங்கவில்லை. ஒஸ்லோ செல்லக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. ஜேர்மானியர் எவரும் இனி நோபல் பரிசு பெறலாகாது என்று ஹிட்லர் ஆணையிட்டார். பரிசுப்பணத்தைக் கையேற்ற சட்டத்தரணி ஒருவர் அதனைக் கையாடிவிட்டதும் நடந்தது. எல்லாச் சட்டத்தரணிகளும் ஓல்டன் அல்லர். 1938 மே 4 ஆம் நாள், பொலிஸ் கண்காணிப்பின் கீழேயே, 48 ஆம் வயதில் ஒசியெற்ஸ்கி காலமானார்.

ஒல்டன்பேர்க் மாணவரும் ஆசிரியரும் தம் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை 1970களிலேயே கேட்டனர். மாநில அரசு நெடுங்காலம் மறுத்தது. 1991 இலேயே பெயர் சட்டபூர்வமாயிற்று. அக்காலத்தில், சுவீடனில் வாழ்ந்துவந்த அவருடைய மகள் றோசலின்ட, லைப்சிக் தீர்ப்பை மீள விசாரிக்கக் கோரி நீதிமன்றம் சென்றார். பேர்லின் நீதிமன்றம் 1991 இல் மனுவை நிராகரித்தது. மேன்முறையீட்டை 1992 டிசம்பரில் ஜேர்மன் கூட்டாட்சி உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. அன்றைய நீதிபதிகள் சட்டத்தைத் தவறாகப் பிரயோகித்திருந்தாலும், அது மட்டும் மறுவிசாரணைக்குப் போதிய காரணமாகாது என்றது. 1931 ஆம் ஆண்டுத் தீர்ப்பு நீக்கப்படாமலே ஏட்டில் நின்றுவிட்டது.