வசந்தமும் சித்திரக்காரரும்: ஸ்ரீ நந்தலால் போஸ்

பங்குனி பிறந்து வேம்பும் புங்கும் தளிர்க்கும் காலத்தில், உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கம் முதலிய கிராமங்களில் பொழுது புலருமுன் வாசல்தோறும் கோலம் இடப்படுவதை நாம் காண்கிறோம். காண்கிறோம் என்பதும் மிகையே. தாண்டிச் செல்கிறோம் என்பதுதான் பொருந்தும். அரிசி மாவால் இழுத்த அந்த இழையைச் சித்திரக் கலை என்று மதிக்கும் வழக்கம் நம்மில் படித்தவர்களிடம் இல்லை. தேசத் தொண்டில் இறங்கியவர்களிடமோ அதனினும் பெரிய அலட்சியம் ஒன்று உண்டு. கலையென்பது வறுமையெல்லாம் தீர்ந்து ஓய்வு கிட்டிய பின்னர்ச் செல்வர் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்வதற்குரிய பொருள் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இவ்வெண்ணத்தை வாதத்தால் மறுப்பதைவிட ஒரு மனிதரின் வாழ்வைக் கொண்டு மறுப்பது எளிது. அம்மனிதர் சாந்திநிகேதனத்து நந்தலால் போஸ்.

இவர் 1882-ஆம் ஆண்டு டிஸம்பர் மாதம் 3-ந் தேதி பீஹாரிலுள்ள முங்கேர் ஜில்லாவில் ஹவேலி கரக்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திரர் தர்பங்கா சமஸ்தானத்தில் அலுவல் பார்த்தவர். தாயார் க்ஷேத்திரமணி தேவி மண்ணால் பொம்மை செய்வதிலும் துணியில் பூவேலை செய்வதிலும் கைதேர்ந்தவர். ஊர்க் குயவரும் தாயாருமே நந்தலாலின் முதல் ஆசிரியர்கள் என்று கூறினால் அது புனைந்துரையாகாது. பதினைந்தாம் வயதில் படிப்புக்காகக் கல்கத்தா சென்றார். படிப்பு ஏறவில்லை. பரீக்ஷைகளில் தேறாமல் கல்லூரி விட்டுக் கல்லூரி மாறினார். வியாபாரப் படிப்பிலும் சேர்க்கப்பட்டார், அதுவும் பயனளிக்கவில்லை. 1903-ல் சுதீரா தேவியை மணந்து குடும்பத்தலைவராகிவிட்ட இளைஞர், உத்தியோகம் தேடவேண்டிய வயதில் சித்திரப் பள்ளியில் சேரவேண்டுமென்று சொன்னபோது பெரியோர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நம் நேயர்கள் தம் தம் வீட்டை நினைத்து உணரலாம்.

1905-ல் அவர் கல்கத்தா அரசாங்கச் சித்திரப் பள்ளியில் சேர்ந்தார். வங்காளப் பிரிவினையால் நாடெங்கும் சுதேசீயக் கிளர்ச்சி மூண்ட ஆண்டு அது. அப்பள்ளியிலும் ஒரு கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதன் தலைவராயிருந்த ஹாவெல் என்னும் ஆங்கிலேயர், மேனாட்டுப் பிரதிகளைப் பார்த்து எழுதும் முறையைக் குறைத்து, மொகலாயச் சித்திரங்களையும் நம் சிற்பங்களையும் மாணவர் கண்முன் வைத்தார். அவருக்குத் துணை நின்றவர் அவனீந்திரநாத தாகூர். அவருடைய அருமை மாணவரானார் நந்தலால். சிவனையும் சதியையும் வரைந்த சித்திரத்துக்கு 1908-ல் கீழ்நாட்டுக் கலைச் சங்கத்தார் 500 ரூபாய் பரிசளித்தனர். அப்பணத்தைக் கொண்டு அவர் செய்த காரியம் தேசாடனம். நாட்டின் கோயில்களையும் சிற்பங்களையும் நேரில் சென்று கண்டார்.

நம் பாரதியார் குருவாகப் போற்றிய சகோதரி நிவேதிதையே, அஜந்தாக் குகைகளின் சித்திரங்களைப் பிரதி எடுக்க வந்த ஹெர்ரிங்ஹாம் சீமாட்டியாருக்கு உதவியாகச் செல்லும்படி இவரைத் தூண்டியவர். 1909-ல் தொடங்கிய அவ்வேலை இவர் கையை மாற்றியது. சிறு காகிதத்தில் நுண்ணிதாக எழுதிப் பழகியவர், சுவரளவு பெரிய கோட்டை இழுக்கக் கற்றார். பின்னர் இலங்கைத் தமிழ்க் குலத்தவரான ஆனந்த குமாரசுவாமியுடன் பழகும் பேறும் வாய்த்தது. நிவேதிதையும் குமாரசுவாமியும் எழுதி 1913-ல் வெளிவந்த புராணக் கதை நூலுக்குச் சித்திரம் எழுதியவர்களுள் நந்தலாலும் ஒருவர்.

நிற்க. இதுவரை சொன்னது ஒரு நல்ல சித்திரக்காரரின் வரலாறு. நாம் சொல்ல வந்த நந்தலால் இனிமேல்தான் பிறக்கிறார்.

ரவீந்திரநாத தாகூர் 1919-ல் சாந்திநிகேதனத்தில் கலாபவனத்தை நிறுவி இவரை அழைத்தார். சென்ற சில நாளில் குரு அவனீந்திரர் கல்கத்தாவுக்குத் திருப்பி அழைத்தார். குருவின் சொல்லைத் தட்டாமல் சென்றார். ஆயினும் மனம் அங்கே நிற்கவில்லை. 1920-ல் சாந்திநிகேதனத்துக்கே மீண்டு, 1922 முதல் 1951-ல் ஓய்வு பெறும்வரை கலாபவனத்தின் தலைவராக இருந்தார். ராஜதானியின் புகழையும் வாய்ப்பையும் விட்டு, பீர்பூம் ஜில்லாவின் செம்மண் காட்டில், மண்சுவரும் கூரையுமான வீடுகளுக்கிடையே அவர் குடியேறியதை அக்காலத்து நண்பர்கள் பலர் புரிந்துகொண்டிருக்கமாட்டார்கள்.

அந்த மண்ணில் வசந்தம் வருவது ஒரு சம்பவம். மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களும், கோபாய் என்னும் சிற்றாறும், சந்தால் மக்களின் மெழுகிய குடிசைகளும் சூழ்ந்த இடம் அது. பங்குனியில் இலையெல்லாம் உதிர்ந்த பலாச மரங்கள் கிளை முழுதும் செந்தழலாகப் பூக்கும். நம் பக்கத்தில் புரசு என்று வழங்கும் மரம் அதுவே. சென்னைப் புரசைவாக்கம் அதன் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. மாவும் இலுப்பையும் அப்போது பூக்கும். சால மரச் சாலையில் பழைய இலை உதிர்ந்து புதுத் தளிர் தோன்றும். (சாலவாக்கத்தின் பெயரோடு இம்மரத்துக்கு உறவு கற்பிப்பது நமது நோக்கமன்று, ஊர்ப்பெயர் ஆராய்ச்சியாளர் அதைக் கவனித்துக்கொள்வார்கள்.)

ஆசிரமத்தில் பருவ விழாவைத் தொடங்கியவர் ரவீந்திரரின் கடைக்குட்டி மகன் சமீந்திரன். 1907-ஆம் ஆண்டு வசந்த பஞ்சமியன்று தோழர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு விழா நடத்தினான். அவ்வாண்டு முடியுமுன்னரே, நந்தலால் பிறந்த அதே முங்கேர் ஜில்லாவில், சிறு வயதிலேயே வாந்திபேதி கண்டு இறந்தான். மகன் விட்டுச்சென்ற விழாவைத் தந்தையார் கைவிடவில்லை. அது வளர்ந்து வசந்தோத்ஸவமாயிற்று. மஞ்சள் ஆடை அணிந்த மாணவரும் மாணவியரும் பௌர்ணமியன்று காலையில் பாடியாடி வரிசையாய்ச் செல்வது வழக்கமாயிருந்தது. பின்னர் நிறப்பொடி தூவிக்கொண்டார்கள்.

இவ்விழாக்களுக்குக் கண்ணுக்குரிய உருவத்தைக் கொடுத்தவர் நந்தலால். மேடை அமைப்பும் ஆடையின் நிறமும் பூவலங்காரமும் அவர் கருத்தின்படி நடந்தன. பட்டுத்திரையும் கண்ணாடி விளக்கும் அவர் தேடவில்லை. மூங்கில், ஓலை, வைக்கோல், மண்கலயம், மரத்தில் பூத்த பூ ஆகியவற்றையே எடுத்தார். தரையில் அல்பனா இடச் செய்தார். அல்பனா என்பது வேறொன்றுமன்று. ஊறவைத்து அரைத்த அரிசிமாவைக் கரைத்து விரலால் இழுக்கும் நமது மாக்கோலமே. வங்காளப் பெண்கள் நோன்பு நாட்களில் இட்டு வந்த அதனை நந்தலால் கலாபவனத்தின் பாடமாக்கினார். அவர் மகள் கௌரி அதில் பெரும் புகழ் பெற்று அங்கேயே ஆசிரியையானார். சித்திரக் கலையில் தேர்ந்த ஒருவர், தன் வீட்டு வாசலில் பெண்கள் இட்ட கோலத்தைத் தன் பள்ளியின் முதல் வரிசையில் வைத்தார் என்பது சிறிய செய்தியன்று.

1928-ல் மரம் நடும் விழாவும், ஸ்ரீநிகேதனத்தில் ஏர் பிடிக்கும் விழாவும் தொடங்கின. கவியரசர் தாமே ஏர் பிடித்த அக்காட்சியை நந்தலால் ஸ்ரீநிகேதனத்துச் சுவரில் எழுதி வைத்தார். அரசர் பட்டாபிஷேகம் எழுதிய நாட்டில் கலப்பை சுவரேறியது.

அவர் கற்பித்த முறையும் இவ்வகையினதே. மாணவன் முதலில் செய்யவேண்டியது வெளியே சென்று ஒரு மரத்தின் எதிரில் உட்காருவது. மரத்தை எழுதும்போது உச்சியிலிருந்து கீழே இழுக்கலாகாது; மரம் நிலத்திலிருந்து மேல்நோக்கி வளர்வதால் தூரிகையும் அவ்வாறே ஏறவேண்டும் என்பது அவர் பாடம். 1940 முதல் 1942 வரை அவரிடம் பயின்று, பிற்காலத்தில் சினிமாப் படங்களால் உலகப் புகழ் எய்திய சத்யஜித் ராய் இதனை நினைவு கூர்ந்திருக்கிறார். நந்தலால் தாமும் நாள்தோறும் சிறு அட்டைகளில் மையால் எதையேனும் எழுதி வந்தார்: ஆடு, வைக்கோல் வண்டி, குளத்தங்கரைப் பெண், காற்றில் வளைந்த பனை. அவ்வட்டைகள் தபாலில் நண்பர்களையும் மாணவர்களையும் அடைந்தன. தம்மைப்போலவே எல்லோரும் எழுதவேண்டும் என்ற பிடிவாதம் அவரிடம் இல்லை. கண்பார்வை மிகக் குறைந்த விநோதவிஹாரி முகர்ஜியும், சிமிட்டியும் கற்களும் கலந்து பேருருவங்கள் செய்த ராம்கிங்கர் பேஜும் ஒரே ஆசிரியரின் மாணவர் என்றால் அறியாதவர் நம்பமாட்டார்.

நம் கிராமப் பள்ளிகளில் சித்திர வகுப்பென்பது அச்சுப் புத்தகத்து மாம்பழத்தைப் பார்த்து எழுதுவதாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே மாமரம் நிற்கிறது. சாலவாக்கத்திலோ வேறெங்கோ ஓர் ஆசிரியர் பங்குனியில் ஒரு நாள் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றால் செலவென்ன? அடுப்புக் கரியும் காவியும் சுண்ணாம்பும் மஞ்சளும் எந்த ஊரில் இல்லை?

இப்படி மரத்தையும் கோலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவரால் தேச விடுதலைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் அன்பர்களுக்கு இனி விடை கூறுவோம்.

1930-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12-ந் தேதி மகாத்மா உப்பெடுக்கத் தண்டிக்குப் புறப்பட்டார். அடுத்த மாதம் ராஜாஜியின் தலைமையில் நம் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியம் சென்றார்கள். அந்நாட்களில் நந்தலால் ஒரு லினோலியத் தகட்டைச் செதுக்கினார். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாய், கையில் தடியூன்றி நடந்து செல்லும் காந்தியடிகள். முகத்தில் கோபமில்லை, நடையில் தயக்கமில்லை. வர்ணமும் இல்லை, பொன்னும் இல்லை. தகட்டில் மை தடவிக் காகிதத்தை அழுத்தினால் இன்னொன்று கிடைக்கும். அஹிம்சைப் போரை இவ்வளவு சுருக்கமாய்ச் சொன்ன சித்திரம் வேறொன்றை நாம் அறியோம்.

பின்னர் 1936-ல் லக்ஷ்மணபுரிக் காங்கிரஸின் கலைக் கண்காட்சியை மகாத்மா அவரிடம் ஒப்புவித்தார். அவ்வாண்டின் இறுதியில் பெய்ஸ்பூரில் முதன்முறையாக ஒரு கிராமத்தில் காங்கிரஸ் கூடியபோது, நகரமைப்பு தமக்குத் தெரியாத தொழில் என்று நந்தலால் தயங்கினார். காந்தியடிகள் விடவில்லை. மூங்கிலும் ஓலையும் கொண்டு கிராமத்தார் கையாலேயே அவ்விடம் எழுந்தது. சாந்திநிகேதனத்து வசந்த மேடையை அமைத்துப் பழகிய கை அங்கே உதவியது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

1938 பிப்ரவரியில், சுபாஷ் சந்திர போஸ் தலைமை வகித்த ஹரிபுராக் காங்கிரஸுக்காக அவர் எழுதியவை புகழ் பெற்றவை. முதலில் குஜராத்தின் கிராமங்களுக்குச் சென்று மக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். பிறகு மண்ணிறங்களையும் மலிவான காகிதத்தையும் கொண்டு, எண்பதுக்கு மேற்பட்ட சித்திரங்களைத் தாமே எழுதினார். மாணவர்கள் அவற்றைப் பார்த்து மேலும் பல எழுதினர். தச்சன், செருப்புத் தைப்பவன், மத்தளக்காரன், மாடு பிடிப்பவன், மல்லன், திரிகை சுற்றும் பெண், பிள்ளைக்குப் பாலூட்டும் தாய். இவற்றை மண்டபத்துக்குள் வைத்துப் பூட்டாமல் வாயில்களிலும் பந்தல்களிலும் தொங்கவிட்டனர். மாட்டுவண்டியில் வந்திறங்கிய குடியானவன் காங்கிரஸ் வாசலில் தன்னையே கண்டான்.

இச்சித்திரங்களில் பட்டினியும் கடனும் ஜமீன் கொடுமையும் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஹரிபுராவின் உழவனும் தச்சனும் வாட்டமின்றி இருக்கிறார்கள் என்பது மெய். ஆனால் உழைப்பவனை இரக்கத்துக்குரியவனாகக் காட்டுவது ஒரு வழி. மரியாதைக்குரியவனாகக் காட்டுவது மற்றொரு வழி. நூறாண்டுகளாகத் தலைகுனிந்து நின்ற மக்களுக்கு 1938-ல் இரண்டாவதே முதற்கண் வேண்டியிருந்தது என்பது நம் கருத்து. பஞ்சத்தை அவர் அறியாதவருமல்லர். 1943-ல் வங்காளத்தில் லக்ஷக்கணக்கானோர் மடிந்தபோது, அன்னபூரணியின் முன் எலும்புக்கூடாய் நிற்கும் சிவனை எழுதினார். இளமையில் சிவனை எழுதிப் பரிசு பெற்ற கை அது.

அவருடைய பள்ளி அரசியலில் அடிபட்டவர்களுக்குப் புகலிடமாகவும் இருந்தது. சென்னை ராஜதானிக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, 1942 இயக்கத்தில் சிறை சென்று, அரசாங்கக் கல்லூரிகளின் கதவு அடைக்கப்பட்ட ஓர் இளைஞர் 1944-ல் கலாபவனத்தை அடைந்தார். அவரே பின்னாளில் புகழ்பெற்ற கே. ஜி. சுப்ரமணியன்.

சுதந்திரம் வந்தபின் அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் பிரதியை அணிசெய்யும் பொறுப்பு நந்தலாலிடம் வந்தது. எழுபது வயதை நெருங்கியவர் மாணவர்களோடு அதனை முடித்தார். மகள்மார் கௌரியும் ஜமுனாவும், பெருமாள் என்னும் தமிழ்ப் பெயரினர் ஒருவரும் அப்பணியில் பங்கு கொண்டனர். 1950 ஜனவரி 24-ந் தேதி அரசியல் நிர்ணய சபையினர் அதில் கையொப்பமிட்டார்கள். மொஹஞ்சதாரோ முத்திரை முதல் தண்டி யாத்திரை வரை அதில் உண்டு. சோழநாட்டு நடராஜரும், நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் மாமல்லபுரப் பாறைச் சிற்பமும் இடம் பெற்றன. அதே ஜில்லாவில், சாலவாக்கத்துக்கு அணித்தாயுள்ள உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில் குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்த கோயிற்சுவர் மட்டும் விடுபட்டது. தேர்தலைப் பற்றிய சட்டப் புத்தகத்தில் அது இல்லாதது நமக்குக் குறையாகவே படுகிறது.

1954-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. முதுமையில் வர்ணங்களைக் குறைத்துக்கொண்டு, கறுப்பு மையொன்றாலேயே செம்மண் வெளியையும் மரங்களையும் எழுதி வந்தார். 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ந் தேதி, சித்திரை பிறந்த சில நாட்களில் காலமானார். 1973 முதல் அவர் பிறந்த நாளை ஒட்டி டிஸம்பர் முதலிரு நாட்களிலும் கலாபவனத்தில் நந்தன் மேளா நடந்து வருகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் தாம் செய்த படங்களையும் பானைகளையும் நாட்காட்டிகளையும் அங்கே விற்கிறார்கள். வரும் பணம், இடருற்ற மாணவர்களின் உதவிக்கென்று வைத்த நிதியில் சேர்கிறது.