மதங்களை வினவிய அயோத்திதாசப் பண்டிதர்

பொத்தேரி இரயில் நிலையத்தில் ஏறிச் சென்னைக்குச் செல்வோர், வழியில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தைக் கடக்கின்றனர். அங்கே தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதன் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் பகுதி முதியோர் பலர் அங்குச் சென்று மருந்து வாங்கி வருகின்றனர். ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், சித்த வைத்தியர் ஒருவர் என்பதற்கு மேல் விடை கூறுவோர் சிலரே. உடற்பிணிக்கு மருந்து கொடுத்த அப்பெரியார், எந்த மதமாயினும் அதனைக் கேள்வி கேட்டுப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும் என்னும் துணிவையும் நம் மக்களுக்குக் கொடுத்தார். வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் அவருடைய வாழ்க்கையை நினைவுகூர்வது பெரிதும் பொருத்தமாகும்.

பிறப்பும் கல்வியும்

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராகப் பணி புரிந்தவர். அவர் தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஏட்டை அத்துரையிடம் கொடுக்க, அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது எனப் பண்டிதர் பின்னாளில் எழுதியுள்ளார். ஏடு காத்த குடும்பம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியர் மீது கொண்ட பேரன்பினால், அவ்வாசிரியரின் பெயரையே தம் பெயராகச் சூட்டிக்கொண்டார். தெய்வத்தின் பெயரை நீக்கி ஆசானின் பெயரை ஏற்றவர் என்று ஆசிரியர்களாகிய நாம் பெருமைப்படலாம்.

பண்டிதருக்கும் நம் மாவட்டத்திற்கும் உறவுமுறையே உண்டு. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் தோன்றிய திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் உடன்பிறந்த தனலட்சுமி அம்மையாரைப் பண்டிதர் மணந்தார். ஆகவே அவர் செங்கற்பட்டு மண்ணின் மருமகனாவார்.

கதவுகளைத் தட்டிய காலம்

இளமையில் நீலகிரியில் வாழ்ந்தபோது, பண்டிதர் அத்வைதத்தில் பற்றுக் கொண்டு அங்கே ஒரு சபையை நடத்தினார். எல்லா உயிரும் ஒன்றே என்று கூறும் தத்துவத்தில் தீண்டாமைக்கு இடமிராது என்று நம்பினார். அந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை.

1892ஆம் ஆண்டு சென்னை மகாஜன சபையின் கூட்டம் ஒன்றில் நீலகிரியின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் நம் மக்கள் நுழைவதற்குத் தடை ஏன் என்று அங்கே கேட்டார். உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கறுப்பண்ணனும் இருக்கச் சிவனும் விஷ்ணுவும் எதற்கு என்னும் பொருள்பட விடை வந்தது. சபையில் ஆரவாரம் எழுந்தது. பண்டிதர் கலங்கவில்லை. அப்படியாயின் அத்தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா, எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் எங்கள் மக்களுக்குத் தரிசு நிலமும் கிடைக்க வழி செய்யுங்கள் என்று கோரிக்கையை மாற்றினார். தெய்வத்தைக் கேட்டுக் கிடைக்காதவிடத்துப் பள்ளியையும் நிலத்தையும் கேட்ட அந்தக் கணமே அவருடைய பொதுவாழ்வின் திருப்புமுனை எனலாம்.

கிறித்துவத்தின் முன்

ஒரு கதவு மூடப்பட்டபோது மற்றொரு கதவு திறந்திருந்தது. அது கிறித்துவம். அக்காலத்தில் நம் மக்களுள் ஆயிரக்கணக்கானோர் அக்கதவின் வழியே சென்றனர். செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ பாதிரியார் பணியாற்றினார். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகிலுள்ள மெல்ரோசாபுரம் அந்தச் சபை உருவாக்கிய குடியிருப்பே. 1891ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணை, இன்று நாம் பஞ்சமி நிலம் என்று வழங்கும் நிலங்களுக்கு வழி திறந்தது. அதற்குப் பாதிரிமார்களின் முறையீடுகளும் துணை செய்தன. இதனை மறைப்பது நன்றி மறப்பதாகும்.

பண்டிதரும் மறைக்கவில்லை. 1885இல் ஜான் ரத்தினம் போதகர் தொடங்கிய திராவிடப் பாண்டியன் இதழுக்கு அவர் துணை நின்றார். கிறித்தவர் எவர்மீதும் அவருக்குப் பகை இருந்ததில்லை. ஆயினும் பள்ளி கொடுத்த கைக்கு நன்றி கூறுவது வேறு, அந்தக் கை நீட்டும் வேதத்தை ஆராயாமல் ஏற்பது வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

அவர் எழுப்பிய வினா எளியது. ஞானஸ்நானம் பெற்ற பின்னும் சாதி ஏன் போகவில்லை?

இவ்வினாவுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியாரை ஈர்ப்பதற்காகச் சந்நியாசிக் கோலம் பூண்டு தனித்து வாழ்ந்தார். பிற்காலத்தில் தாழ்த்தப்பட்டோருக்கென்று பண்டாரசாமிகள் என்னும் வேறு குருமார் அமர்த்தப்பட்டனர். சீர்திருத்தச் சபையில் 1833ஆம் ஆண்டு பிஷப் வில்சன் சாதியைக் கைவிடுமாறு கட்டளையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் சாதிக் கிறித்தவர் பலர் சாதியை விடாமல் சபையை விட்டு வெளியேறினர். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிகளைப் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. பண்டிதர் வாழ்ந்த காலத்தில், 1910இல், அச்சுவர் அகற்றப்பட்டபோது அதனை எதிர்த்தவர்கள் நீதிமன்றம் சென்றனர்.

இவற்றை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் ஓர் உண்மை புலப்படும். மதம் வானத்திலிருந்து இறங்கியதாகச் சொல்லப்பட்டாலும், மண்ணில் கால் பதித்தவுடன் மண்ணின் வழக்கங்களையே உடுத்திக்கொள்கிறது. கிறித்துவத்தின் தொடக்கமும் இதற்குச் சான்றாகும். அது மீனவர்களையும் ஏழைகளையும் கொண்டு யூத நாட்டில் தோன்றிய சிறு இயக்கம். அதன் தலைவர் உரோமைய ஆளுநரின் ஆணையால் சிலுவையில் அறையப்பட்டார். அவருடைய வரலாற்றைக் கூறும் சுவிசேஷங்கள் அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை என்பது அறிஞர் முடிவு. 313ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் அதற்கு உரிமை வழங்கினார். 380இல் அதுவே உரோமைப் பேரரசின் மதமாயிற்று. ஏழைகளின் இயக்கம் அரசர்களின் மதமாக மாறியபோது அதன் குரலும் மாறியது. இது கிறித்துவத்திற்கு மட்டும் உரிய குறையன்று. அதிகாரத்தின் அருகில் அமரும் எல்லா மதங்களுக்கும் உரியது.

பௌத்தமும் தமிழன் இதழும்

தம் மக்கள் முன்னாளில் பௌத்தர்களாக இருந்தவர்கள் என்னும் முடிவுக்குப் பண்டிதர் வந்தார். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். அவ்வாண்டே இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் முதலிய ஊர்களிலும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிளைகள் தோன்றின. படைத்தவன் ஒருவனை நம்பச் சொல்லாத, ஒழுக்கத்தையே அடிப்படையாகக் கொண்ட ஒரு நெறியாக அவர் பௌத்தத்தைக் கண்டார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய அறிவியல் பேராசிரியர் இலட்சுமி நரசு அவர்களும் இவ்வியக்கத்தில் பங்கு கொண்டார். அவர் 1907இல் வெளியிட்ட பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூலை, 1948இல் அண்ணல் அம்பேத்கர் தம் முன்னுரையுடன் மீண்டும் பதிப்பித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1907 ஜூன் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைப் பண்டிதர் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் அது தமிழன் என்று பெயர் பெற்றது. விலை ஒரு பைசா. கூலி வேலை செய்வோரும் வாங்க முடிந்த விலை. புராணங்களையும் சுதேசி இயக்கத்தின் போக்கையும் ஆராய்ந்த அதே பேனா, சாதிக் கிறித்தவர்களையும் தப்பவிடவில்லை. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது, சாதி பேதமற்றவர்களாகவும் பௌத்தர்களாகவும் பதிவு செய்துகொள்ளுமாறு மக்களை வேண்டினார். 1914 மே 5ஆம் நாள் மறைந்தார். இறுதி நாள்வரை எழுத்தை நிறுத்தவில்லை.

நமக்கு உரிய பாடம்

இக்கட்டுரையாளன் அரசுப் பள்ளிகளில் பல்லாண்டு பணி செய்தவன். ஜூன் மாதத்துச் சேர்க்கை நாட்களில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். தாய் பிள்ளையை வீட்டில் அழைப்பது ஒரு பெயர். பதிவேட்டில் எழுதச் சொல்வது மற்றொரு பெயர். மதம் என்ற கட்டத்திற்கு வந்ததும் தந்தையின் குரல் தாழ்ந்துவிடும். காரணம் யாவரும் அறிந்ததே. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அட்டவணைச் சாதியினர் என்னும் தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்துவராக மாறிய நம் உறவினர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். கல்லறையிலும் சாதி பார்க்கும் சபைகள் உண்டு. மதம் மாறினால் சாதி போய்விட்டது என்று கூறும் சட்டமும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையில் ஒரு சிறு பிள்ளை இரண்டு பெயர்களோடு நிற்கிறது. நூறாண்டுக்கு முன் பண்டிதர் கேட்ட வினா, இன்றும் அந்தப் பிள்ளையின் வடிவில் நம் பள்ளி வாயிலில் நின்று கொண்டிருக்கிறது.

அன்பார்ந்த இளைஞர்களே! நம் சேரியில் கோயிலுக்குச் செல்வோரும் உண்டு, சர்ச்சுக்குச் செல்வோரும் உண்டு, புத்தரைப் போற்றுவோரும் உண்டு, எதையும் வணங்காதோரும் உண்டு. அனைவரும் நம்மவரே. மதத்தின் பெயரால் ஒரு வீட்டை மற்றொரு வீட்டுக்கு அந்நியமாக்க வேண்டா. ஆனால் எவர் எந்த வேதத்தை நீட்டினாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது எங்களைச் சமமாக நடத்துகிறதா? எங்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறதா? நாங்கள் கேள்வி கேட்பதைப் பொறுத்துக்கொள்கிறதா?

இந்த அளவுகோலைப் பண்டிதர் மீதும் வைத்துப் பார்க்கலாம். அவர் கூறிய சொற்பொருள்களுள் பலவற்றையும், பழைய வரலாற்றைப் பற்றிய சில முடிவுகளையும் இன்றைய ஆய்வாளர் ஏற்பதில்லை. அதனால் அவர் பெருமை குறைவதில்லை. கேட்கக் கற்றுக்கொடுத்தவரிடமே கேட்பதுதான் மாணாக்கன் ஆசானுக்குச் செலுத்தும் காணிக்கை.

அடுத்த முறை சானடோரியம் நிலையத்தைக் கடக்கும்போது, அருகில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கையருக்கு அம்மருத்துவமனையின் பெயரைக் காட்டுங்கள். அப்பெயருக்கு உரியவர் யார் என்று அவர்கள் கேட்பார்கள். விடை கூற நீங்கள் ஆயத்தமாக இருங்கள்.